ஊரடங்கு 20 நாளா, 40 நாளா, 6 வருடமா? பாலஸ்தீன வாய்மொழிச் சாட்சியங்களை வாசிக்கும் முறை

1991 வளைகுடாப் போரின்போது பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலிய இராணுவம் போட்ட ஊரடங்கைப் பற்றி மூன்று பேர் சொன்னதை வாசித்திருக்கிறீர்கள். பெத்லகேம் பக்கத்துப் பெண் ஒருவர் 20 நாள் என்கிறார். அதே ஊர்க்காரர் இன்னொருவர் 40 நாள் என்கிறார். காசாக்காரர் ஒருவரோ, "6 வருடம் ஊரடங்கில் கிடந்தோம்" என்கிறார். ஆளுக்கொரு கணக்குச் சொன்னால் இதை வரலாறு என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரடங்கின் நீளத்தை மட்டும் தெரிந்துகொள்வது உங்கள் நோக்கம் என்று எனக்குப் படவில்லை. இராணுவ ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஒருவர் தன் அன்றாடத்தைச் சொல்லும்போது அதில் எதை அப்படியே நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று கணக்குகள். மூன்றுமே சரியாக இருக்க இடமுண்டு. 1991 ஜனவரி நடுவில், போர் தொடங்கியதும், மேற்குக்கரை, காசா இரண்டிலும் 24 மணி நேர ஊரடங்கு வந்தது. பல இடங்களில் அது சுமார் 40 நாள் நீடித்தது. ஆனால் இடையிடையே இரண்டு மூன்று மணி நேரம் தளர்த்துவார்கள், ரொட்டியும் காய்கறியும் வாங்கிக்கொள்ள. போகப் போகத் தளர்வுகள் கூடின. ஒருவர் அடைபட்ட முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மொத்தமாக எண்ணுகிறார். இன்னொருவர் கதவைத் திறக்கவே முடியாத நாள்களை மட்டும் எண்ணுகிறார். காசாக்காரர் சொல்வது வேறொரு ஊரடங்கு. அங்கே 1988ல் இரவு ஊரடங்கு போட்டார்கள். 1994 மே மாதம் படைகள் நகரங்களைவிட்டு விலகும்வரை அது ஒவ்வொரு இரவும் இருந்தது. கல்யாணம், பிரசவ வலி, இரவுத் தொழுகை, கடற்கரைக் காற்று எல்லாமே அந்த நேரக்கோட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஆக, மிகைபோலத் தெரிந்த அந்த "6 வருடம்" தான் மூன்றிலும் கச்சிதமான எண். இந்த ஒரு உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முரண்பாடு தெரிந்தால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டாமல், அவர் எதை எண்ணுகிறார் என்று முதலில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 40 என்ற எண்ணை அரபு நினைவு எளிதில் இழுத்துக்கொள்ளும். இறந்தவருக்கு 40ஆம் நாள் நினைவு அனுசரிக்கும் சமூகம் அது. "சுமார் ஒன்றரை மாதம்" என்பது பேச்சில் தானாகவே 40 ஆகிவிடும். 1991 ஊரடங்குக்கு அந்த எண் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது தற்செயல். வேறு இடங்களில் 40 என்று பார்த்தால் அதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழிச் சாட்சியம் தேதியிலும் எண்ணிக்கையிலும் பலவீனமானது, நடைமுறையைச் சொல்வதில் வலுவானது. ஊரடங்கு அறிவிப்பு எப்படி வந்தது என்று கேட்டால், ஒருவரோடு ஒருவர் அறிமுகமே இல்லாத நூறு பேர் ஒரே மாதிரி சொல்வார்கள். ஜீப் வரும். ஒலிபெருக்கியில் உடைந்த அரபியில் "மம்னூஉத் தஜவ்வுல், ஹத்தா இஷ்ஆரின் ஆகர்" என்பார்கள்: வெளியே நடமாடத் தடை, மறு அறிவிப்பு வரும்வரை. தளர்வு நேரம் வந்ததும் பெண்களைத்தான் முதலில் அனுப்புவார்கள், ஆண்களைப் பிடித்துச் செல்வது எளிது என்பதால். மொட்டைமாடிகள் வழியாகவும் பின்சுவர் தாண்டியும் ரொட்டியும் மருந்தும் கைமாறும். மாவு மூட்டையாக வீட்டில் இருக்கிறதா, 12 கிலோ எரிவாயு உருளையில் இன்னும் எவ்வளவு மிச்சம், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் வீட்டுக்காரியின் நாள்காட்டி. குழாயில் தண்ணீர் தொடர்ந்து வராத ஊர்களில் மாடிதோறும் கறுப்புத் தொட்டிகள் நிற்பதற்கு அதுவே காரணம். தேதியை மறந்தவர்கூட இதை மறப்பதில்லை. கைகள் தினமும் செய்த வேலை நினைவில் ஆழமாகத் தங்கிவிடும். நாள்காட்டியின் தாள் அப்படித் தங்குவதில்லை.

தேதி தேவைப்பட்டால் அதை வரவழைக்க வழிகள் உண்டு. அந்த மண்ணில் யாரும் "1988 ஏப்ரல்" என்று பேசுவதில்லை. பெரும் பனி விழுந்த வருடம் (1950, அடுத்த தலைமுறைக்கு 1992), ஜோர்டானில் நடந்த கராமே சண்டைக்கு அப்புறம் (1968 மார்ச்), எகிப்து அதிபர் சாதாத் ஜெருசலேமுக்கு வந்த வருடம் (1977 நவம்பர்), நான் தவ்ஜீஹி எழுதிய வருடம் என்றுதான் பேசுவார்கள். தவ்ஜீஹி என்பது நம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் இந்திஃபாதா, அதாவது 1987 இறுதியில் தொடங்கிய பாலஸ்தீன மக்கள் எழுச்சி, நடந்த காலத்தில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. மேற்குக்கரையின் பீர்ஸெய்த் பல்கலைக்கழகம் 1988 ஜனவரி முதல் 1992 ஏப்ரல் வரை மூடிக் கிடந்தது. அந்தத் தலைமுறையில் 'பட்டம் வாங்கிய வயது' என்பதை வைத்து வருடத்தைக் கணக்கிட்டால் இரண்டு மூன்று வருடம் பிசகிவிடும்.

பொருள்களும் தேதி சொல்லும். கதையில் வரும் காரின் எண்பலகை நீலம் என்றால் மேற்குக்கரை வண்டி, 1994க்கு முந்தைய காலம். மஞ்சள் இஸ்ரேலுடையது. வெள்ளையில் பச்சை எழுத்து என்றால் பாலஸ்தீனர்களின் சுயாட்சி நிர்வாகமான பாலஸ்தீன ஆணையம் வந்த பிறகு. "அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை யாஃபா கடற்கரைக்குப் போவோம், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று ஒரு முதியவர் சொன்னால் அது ஏக்கம் கூட்டிய கற்பனை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது உண்மை. யாஃபா இஸ்ரேலுக்குள் இருந்தாலும், 1972ல் தரப்பட்ட பொது அனுமதியின்படி பெரும்பாலோர் தனிச்சீட்டு இல்லாமல் பகலில் இஸ்ரேலுக்குள் போய்வர முடிந்தது. அது 1991 ஜனவரியில் நீக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி தஸ்ரீஹ், அதாவது அனுமதிச்சீட்டு, கட்டாயமானது. 1993 மார்ச்சில் பொது அடைப்பு வந்து அது இறுகியது. 1967 போரில் தொடங்கிய இஸ்ரேலிய ஆக்கிரமிப்பு அன்றிலிருந்து ஒரே மாதிரி இருந்தது என்று நினைத்து வாசித்தால் இத்தகைய சாட்சியங்கள் குழப்பும்.

நேரத்திலும் சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் இந்திஃபாதாவில், இஸ்ரேல் கோடைகால நேரத்துக்கு மாறும் நாளில் மாறாமல், தலைமறைவுத் தலைமையின் துண்டறிக்கை சொன்ன நாளில் மக்கள் கடிகாரத்தைத் திருப்பினார்கள். சில வாரங்கள் ஒரே தெருவில் இரண்டு நேரங்கள் ஓடின. வழிமறித்து மணி கேட்டு, 'பாலஸ்தீன நேரம்' காட்டிய கைக்கடிகாரங்களைச் சிப்பாய்கள் உடைத்தது பல சாட்சியங்களில் வருகிறது. ஆகவே வசந்த கால நிகழ்வு ஒன்றில் ஒருவர் 7 மணி என்றும் இன்னொருவர் 8 மணி என்றும் சொன்னால், எந்தக் கடிகாரம் என்று கேளுங்கள்.

இனி மொழிக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்களுக்கு அதிகம் கைநழுவுவது இங்கேதான். சோதனைச்சாவடிக்கு அரபியில் ஹாஜிஸ் என்ற சொல் இருக்கிறது. ஆனால் பேச்சில் எபிரேயச் சொல்லான மஹ்ஸூம் அதே அளவு புழங்குகிறது. அதற்கு அரபு இலக்கணப்படி மஹாஸீம் என்று பன்மையும் ஆக்கிக்கொண்டார்கள். ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் இடையிலுள்ள கலந்தியா போன்ற பெரிய சாவடிகளில் சுழலும் இரும்புக் கதவை மஆத்தா என்பார்கள், கோழியின் இறகு பிடுங்கும் எந்திரம் என்று பொருள். காசாவின் வடக்கிலிருந்த ஏரெஸ் கடப்பில், விடியுமுன் ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் நெருக்கி நின்ற கம்பிவழிகள் ஹல்லாபாத். கறவை மாடுகளை வரிசைப்படுத்தும் தடுப்பு அது. இந்த இரண்டையும் 'சுழல்கதவு', 'நடைபாதை' என்று பெயர்த்துவிட்டால் சொல்லியவர் சொன்னதில் பாதி போய்விட்டது. அவமானத்தை அவர் தனியாக ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கமாட்டார். அந்தப் பெயர்ச்சொல்லிலேயே வைத்திருப்பார்.

இதற்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல் 'யஹூத்' என்ற சொல். நேர்ப்பொருள் யூதர்கள். கிராமத்துப் பாட்டி "யஹூத் வந்தார்கள்" என்றால் பெரும்பாலும் இராணுவம் வந்தது என்றுதான் பொருள். சில சமயம் குடியேற்றக்காரர்கள் (ஆக்கிரமித்த நிலத்தில் வந்து குடியேறிய இஸ்ரேலியர்கள்), சில சமயம் வரி அதிகாரிகள். மொழிபெயர்ப்பாளர் 'யூதர்கள்' என்று போட்டால் மதவெறிபோல ஒலிக்கும். 'சிப்பாய்கள்' என்று போட்டால், வந்தது யார் என்ற தெளிவின்மை மறைந்துவிடும். சட்டப்படி அந்த வேறுபாடு முக்கியமானது. நல்ல பதிப்பில் அடைப்பிலாவது மூலச்சொல் இருக்கும். இல்லையென்றால் அந்த இடத்தைச் சந்தேகத்தோடு வாசியுங்கள்.

'வீட்டை இடித்தார்கள்' என்பதும் இப்படித்தான். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கும். குடும்பத்தில் ஒருவர்மீது குற்றம்சாட்டி, 1945ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அவசரகால விதிகளின் 119ஆம் விதிப்படி தண்டனையாக இடிப்பது ஒன்று. கட்டட அனுமதி இல்லையென்று, மேற்குக்கரையில் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டிலுள்ள சி பகுதியிலும் கிழக்கு ஜெருசலேமிலும் இடிப்பது இன்னொன்று. 2002ல் ஜெனின் முகாமில் நடந்ததுபோல் படை நடவடிக்கையின் நடுவே புல்டோசர் வைத்துத் தள்ளுவது மூன்றாவது. எந்த வகை என்பதை அறிய, முன்கூட்டித் தாள் ஒட்டினார்களா, சாமான் எடுக்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், அண்டை வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்ற மூன்று விவரங்களைத் தேடுங்கள். சாட்சியத்தில் இவை பெரும்பாலும் இருக்கும்.

ஊர்ப்பெயரிலும் அளவுகளிலும் ஏமாந்துவிடக் கூடாது. அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டால், 1948ல் தாத்தா விட்டுவந்த கிராமத்தின் பெயரைத்தான் சொல்வார். சம்பவம் அங்கே நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். துனம் என்பது இன்று 1,000 சதுர மீட்டர், சுமார் கால் ஏக்கர். ஆனால் உஸ்மானியக் காலத்துத் துனம் 919 சதுர மீட்டர்தான், பழைய பத்திரத்தை வைத்துப் பேசுபவர் அதைச் சொல்லக்கூடும். ஆலிவ் எண்ணெயை 'தனக்கே' (tanake) எனப்படும் தகர டின் கணக்கில் சொல்வார்கள், ஒன்று ஏறக்குறைய 16 கிலோ.

அடுத்தது, சாட்சியத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம். இராணுவ ஆட்சி ஆணைகளால் இயங்கியது, அவை எண்ணோடு அச்சில் இருக்கின்றன. "பத்துப் பேர் கூடினாலே குற்றம்" என்று ஒருவர் சொன்னால், 1967 ஆகஸ்டில் வந்த 101ஆம் ஆணையைப் பாருங்கள். அரசியல் நோக்கமுள்ளதாகக் கருதக்கூடிய, பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடும் கூட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. "கிணறு தோண்டவும் அவர்களைக் கேட்க வேண்டும்" என்பதற்கு அதே ஆண்டின் 158ஆம் ஆணை. "பழமரம் நடக்கூட அனுமதி கேட்டார்கள்" என்பதற்கு 1982ன் 1015ஆம் ஆணை. மிகையாகத் தோன்றும் புகார்கள் இப்படிச் சட்டத்தின் வாசகமாகவே வெளிப்படுவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும். ஆனால் ஆணை இருந்தது என்பதும், அது அந்தக் கிராமத்தில் எப்போதும் அமலானது என்பதும் ஒன்றல்ல. எங்கே கண்டுகொள்ளாமல் விட்டார்கள், யாருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, அதற்கு என்ன விலை கேட்டார்கள் என்பதைச் சாட்சியம்தான் சொல்லும்.

மேற்குக்கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவருக்கு அப்பால் சிக்கிய ஆலிவ் தோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் வேலை 2002ல் தொடங்கியது. அதன் பாதையில் சுமார் 85 விழுக்காடு மேற்குக்கரைக்கு உள்ளேயே போகிறது. தோப்புக்குப் போக இரும்புக் கதவுகள் உண்டு. பல கதவுகள் அக்டோபர், நவம்பர் அறுவடையின்போது மட்டும் திறந்தன. காகிதத்தில் பார்த்தால் 'விவசாயிக்கு அறுவடை அனுமதி வழங்கப்பட்டது'. விவசாயியிடம் கேட்டால்தான், குளிர்காலத்தில் கிளை கழிக்கவும், வசந்தத்தில் உழுது களையெடுக்கவும், கோடையில் காய்ந்த புல்லை அகற்றித் தீயிலிருந்து காக்கவும் போக முடியாத மரம் அறுவடைக்கு என்ன கொடுக்கும் என்று தெரியவரும். அனுமதி நிலப்பத்திரத்தில் பெயருள்ளவருக்கு வரும், ஏணி ஏறிப் பறிக்கும் மகனுக்கு வராமல் போகும். ஒரு மரம் காய்ப்பு குறைந்து, தரிசாகி, கடைசியில் 'பயிரிடாத நிலம்' என்ற வகைக்குள் நழுவுவது எந்த ஒற்றை ஆவணத்திலும் முழுதாக இல்லை. அதைச் சொல்லும் வாக்குமூலங்களை நான் இந்தத் துறையின் மிகப் பெரிய சொத்தாக நினைக்கிறேன்.

காகிதம் இல்லாத இடத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியம் உதவும். இரவு 2 மணிக்குச் சிப்பாய்கள் வந்தார்கள், எல்லோரையும் எழுப்பினார்கள், பெயர் எழுதினார்கள், குழந்தைகளைப் படமெடுத்தார்கள், அறைகளை வரைந்தார்கள், யாரையும் கைது செய்யாமல் போய்விட்டார்கள் என்று ஒரு தாய் சொல்கிறார். அர்த்தமில்லாத கதைபோல இருக்கிறது. 2004ல் தொடங்கப்பட்ட 'மௌனம் கலைத்தல்' என்ற அமைப்பிடம் முன்னாள் இஸ்ரேலியச் சிப்பாய்கள் சொன்னவற்றை வாசித்தால் விளங்கும். இதற்கு இராணுவத்தில் 'மேப்பிங்' என்றே பெயர். வீட்டையும் ஆட்களையும் பதிவுசெய்யும் வழக்கமான பணியாக அது இருந்தது, நீதிபதியின் ஆணை தேவைப்படவில்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரு தரப்பும் ஒரே நடைமுறையைச் சொன்னால் அதை உறுதியானதாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த வகைச் சாட்சியம் என்பதையும் பாருங்கள். ரமல்லாவில் 1979ல் தொடங்கிய அல்-ஹக் போன்ற அமைப்புகள் சேகரித்தவை சத்தியப் பிரமாணங்கள். கண்ணால் கண்டது மட்டும், இடம் தேதியோடு, சம்பவத்துக்குப் பிறகு விரைவில் எழுதியது. தேதிக்கும் எண்ணிக்கைக்கும் இவையே சிறந்தவை, ஆனால் முன்னும் பின்னும் வாழ்க்கை இருக்காது. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன வாய்மொழி வரலாற்றுக் காப்பகத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலான பதிவுகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் லெபனானிலுள்ள 1948 அகதிகளின் வாழ்க்கைக் கதைகள். இராணுவ ஆட்சியின் அன்றாடத்துக்கு அவற்றை நேரடி ஆதாரமாகக் காட்ட முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய.

சாட்சியங்கள் சொல்லாமல் விடுவதையும் சொல்லியாக வேண்டும். அமீல் எனப்படும் காட்டிக்கொடுப்பவர்கள் பற்றிய பேச்சு கிட்டத்தட்ட வராது. முதல் இந்திஃபாதாவில் அந்தச் சந்தேகத்தின்பேரில் நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர்கள் சொந்த மக்களாலேயே கொல்லப்பட்டார்கள், அந்தக் குடும்பங்கள் பேசுவதில்லை. சிறையில் நடந்த பாலியல் அவமதிப்பு, குடியேற்றங்களைக் கட்டவே கூலிக்குப் போன கட்டாயம், வீட்டுக்குள் நடந்த அடிதடி இவையும் அப்படியே. கல் எறிந்ததையோ கட்சியில் இருந்ததையோ பதிவில் சொன்னால் இராணுவ நீதிமன்றத்தில் அது வழக்காகலாம் என்பதால், 'பையன்கள்' என்ற பொதுச்சொல்லில் பலவும் மறைந்துவிடும். இன்னொன்று சுமூத், அதாவது மண்ணைவிட்டு அகலாத உறுதி. அது பெருமைக்குரிய சொல்லாகிவிட்டதால், சோர்ந்தேன், கிளம்பிவிட நினைத்தேன் என்பதை ஒலிப்பதிவுக் கருவிக்கு முன் சொல்ல மனம் வராது. ஆகவே வாய்மொழித் தொகுப்பை வைத்து 'யாரும் போக விரும்பவில்லை' என்று யாராவது எழுதினால் ஏற்காதீர்கள்.

நீங்களே யாரையாவது பதிவுசெய்யும் எண்ணம் இருப்பதாக உங்கள் கேள்வியின் கடைசி வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். "உங்கள் துன்பத்தைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால், ஏற்கெனவே பத்துச் செய்தியாளர்களிடம் சொல்லிப் பழகிய பேச்சுதான் கிடைக்கும். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஹவிய்யாவை, அதாவது அடையாள அட்டையை, எந்தப் பையில் வைப்பீர்கள், சாவடியில் யார் முதலில் இறங்குவார்கள், குழந்தைக்கு என்ன சொல்லிவைப்பீர்கள் என்று கேளுங்கள். பெண்களைத் தனியாக, முடிந்தால் சமையலறையிலேயே கேளுங்கள், கூடத்தில் கணவரும் மாமனாரும் தேதி திருத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு அமர்வு 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சில நாள் கழித்து மறுபடி போய் அதே நாளைப் பற்றிக் கேளுங்கள். இரண்டாம் முறையும் மாறாமல் வருவது எது என்று பாருங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்துப்படியாக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். பேச்சுவழக்கைச் செந்நெறி அரபியாகத் திருத்தாதீர்கள். பல கிராமத்தார் அரபியின் காஃப் (k) ஒலியை 'ச்ச' என்பார்கள், நகரத்தார் தொண்டையடியில் ஒலிக்கும் இன்னொரு காஃப் (q) எழுத்தை விழுங்கிவிடுவார்கள். முகாமில் மூன்றாம் தலைமுறைவரை ஊரை அடையாளம் காட்டுவது அந்த ஒலிதான்.

பெயரை மாற்றுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. சின்ன ஊரில் 'மூன்று மகன்கள் சிறையில், மூலைக் கடைக்காரர்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். சம்மதத்தை ஆரம்பத்தில் ஒருமுறை, எழுத்துப்படியைக் காட்டிய பிறகு ஒருமுறை என இரண்டு தடவை வாங்குங்கள். பிரதிகள் இரண்டு நாடுகளிலாவது இருக்கட்டும். 1982ல் பெய்ரூத்திலிருந்த பாலஸ்தீன ஆய்வு மையத்தின் காப்பகத்தை இஸ்ரேலியப் படை அள்ளிச் சென்றது, அடுத்த ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தோடுதான் அது திரும்பக் கிடைத்தது. 2001ல் பாலஸ்தீனத் தலைமையின் ஜெருசலேம் அலுவலகமான ஓரியண்ட் ஹவுஸ் மூடப்பட்டபோது அங்கிருந்த ஆவணங்களும் போயின. 2023ல் காசா நகராட்சியின் மையக் காப்பகம் அழிந்தது.

2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு காசாவிலிருந்து வருபவை வேறு வகை, மேலே சொன்ன அளவுகோல்கள் அவற்றுக்கு அப்படியே பொருந்தா. அவை நினைவுகூரல் அல்ல, நடக்கும்போதே கைபேசியில் பேசியவை. தேதி நிச்சயமாகத் தெரியும், இடம்தான் குழம்பும். "பேக்கரிக்கு எதிரே" என்று சொல்லும்போது அந்தப் பேக்கரியும் தெருவும் இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்திலும் காணொளியிலும் எடுத்த நேரம், இடம் பற்றிய தரவு அழிந்துவிடும். உங்களுக்கு யாராவது அனுப்ப முன்வந்தால், மூலக் கோப்பை 'டாக்குமெண்ட்' ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்று இல்லாத அந்தக் கட்டடம் பழைய வரைபடத்தில் எந்த இடம் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதையும் தனியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.